எரிந்த ஃபியூஸை மாற்றுவதற்கு முன்: போர்டு பழுது பார்க்கப் பழகுகிறவர்களுக்கு

ஐப்பசியில் முதல் இடி இடித்த மறுநாள் காலை பட்டறைக் கதவைத் திறப்பதற்குள் வாசலில் ஆள் நிற்கும். மஞ்சள் பையில் செட்டாப் பாக்ஸ் அடாப்டர், துணிக்கடைப் பையில் வை-ஃபை பெட்டியின் அடாப்டர், சாக்கில் சுற்றிய வாஷிங் மெஷின் சர்க்யூட் போர்டு. "அண்ணாச்சி, ராத்திரி 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு சரி" என்பார்கள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பல வருஷமாக இந்த 'டப்'பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் வேலை பழக வருகிற தம்பிகள் முதல் நாளில் செய்கிற காரியம் ஒன்றே. திறந்ததும் எரிந்த ஃபியூஸ் கண்ணில் படும். புதிய ஃபியூஸைப் போட்டு, பிளக்கைச் செருகுவார்கள். அதுவும் 'டப்'. ஃபியூஸ் தானாகச் சாவது அபூர்வம். அதைக் கொன்றவன் போர்டில் அடுத்த இரண்டு அங்குலத்துக்குள் இருக்கிறான். அவனைப் பிடிக்காமல் ஃபியூஸை மாற்றுவது காசுக்குக் கேடு. ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றுவது வீட்டுக்கே கேடு. அவனைப் பிடிக்கிற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தொடக்கூடாதவை. மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே இருக்கும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சர் 2000 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் ரகம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை வீழ்த்தும். பழைய படக்குழாய் டிவியும் அப்படியே. இண்டக்‌ஷன் அடுப்பை ஒரு வருஷம் பழகிய பிறகு திறக்கலாம். தொடங்குவதற்குச் சரியான போர்டு 12 வோல்ட் செட்டாப் பாக்ஸ் அடாப்டர்தான். அது உள்ளங்கைக்குள் அடங்கும், விலை குறைவு, கெட்டுப்போனாலும் யாரும் அழப்போவதில்லை. பெரிய போர்டுகளின் பவர் பகுதியில் இருப்பதெல்லாம் சின்ன அளவில் அதிலும் இருக்கிறது. வாஷிங் மெஷின் ஆனாலும் தண்ணீர் சுத்திகரிப்பான் ஆனாலும் என்னிடம் வருகிற போர்டுகளில் பெரும்பாலானவை பவர் பகுதியில்தான் செத்திருக்கும்.

மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மலிவானதாக இருக்கட்டும், ஆனால் 'கேட் 3, 600 வோல்ட்' (CAT III 600V) என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்க வேண்டும். டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) சோதிக்கும் அளவையும், தொடர்பு இருந்தால் அடிக்கும் பீப் சத்தமும் கட்டாயம். 25 வாட் சால்டரிங் அயர்ன், பற்றவைக்கும் 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்), ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பிளக்ஸ், பழைய ஈயத்தை உறிஞ்சும் சக்கர், பூதக்கண்ணாடி, பழைய பல் துலக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹால். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அதன் இரு முனையிலும் காப்பிட்ட வயரைப் பற்றவைத்து, கைப்பிடி போலச் செய்துகொள்ளுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கடைசியாக, சீரீஸ் பல்பு. ஒரு பிளக், ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட். மின்சாரம் சாக்கெட்டுக்குப் போகும் ஃபேஸ் வயரின் நடுவே 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை உள்ள பல்புதான் வேண்டும். இது இல்லாத பட்டறையில் நான் வேலைக்கு உட்கார மாட்டேன். ஆனால் இது போர்டைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல. பல்பு வழியாக வந்தாலும் ஷாக் ஷாக்தான். மேசைக்கு வரும் லைனில் மின்கசிவு வந்தால் லைனை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்ளுங்கள். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். மின்சாரம் இருக்கும்போது ஒரு கை சட்டைப் பையில் இருக்கட்டும்.

படித்தவர்கள் கெபாசிட்டர் என்பதை எங்கள் பக்கம் பட்டறைகளில் கண்டென்சர் என்போம். இரண்டும் ஒன்றே.

கேள், முகர், பார்

மீட்டரை எடுக்கும் முன் கொண்டுவந்தவரிடம் பேச்சுக் கொடுங்கள். இடி இடித்தபோது போனதா, கரண்ட் போய் வந்தபோது போனதா? கொஞ்ச நாளாகவே மக்கர் செய்ததா? பக்கத்து வீட்டிலும் ஏதாவது போனதா? கடைசிக் கேள்வி முக்கியம். ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் நான்கு போர்டு வந்தால், தெருவில் நியூட்ரல் அறுந்திருக்கும். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரை ஏறிவிடும். போர்டைச் சரிசெய்து கொடுப்பதற்கு முன் லைனைப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அதே போர்டு மறுநாள் திரும்பி வரும், பழி உங்கள் மேல் விழும்.

"கரண்ட் போய் வந்தால் எழுவதில்லை, மற்றபடி நன்றாக ஓடும்" என்று ஒருவர் சொன்னால் பாதி வேலை முடிந்தது. அது எந்தக் கண்டென்சர் என்று கீழே வருகிறது.

பிறகு மூடியைத் திறந்து முகருங்கள். கருகிய ரெசிஸ்டருக்கு ஒரு வாடை, கண்டென்சரிலிருந்து ஒழுகிய திரவத்துக்கு மீன் கவுச்சி போல ஒரு வாடை. பூதக்கண்ணாடியில் பாருங்கள். கண்டென்சர் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல உப்பியிருந்தால் அது முடிந்தது. ஃபியூஸின் கண்ணாடி உள்ளே கறுத்து வெள்ளிப்பூச்சு தெறித்திருந்தால் நேரடி ஷார்ட். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் மெதுவான பாரம், அல்லது வயது. இந்த வித்தியாசம் ஒன்றே எங்கே தேடுவது என்பதைச் சொல்லிவிடும்.

எங்கள் ஊர்களில் பூச்சிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டத்திலிருந்து வரும் மோட்டார் பேனல்களில் நான் அதிகம் பார்த்தது பல்லி. இரண்டு முனைகளுக்கு நடுவே வால் ஒருபுறமும் தலை மறுபுறமுமாகக் காய்ந்து கிடக்கும். ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) தொடுமுனைகளுக்கு நடுவே எறும்பு நசுங்கி, போர்டில் ஒரு குறையும் இல்லாமலேயே மோட்டார் ஓடாமல் நிற்பதும் உண்டு. பல்லியை எடுத்து, கருகிய இடத்தைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்தாலே சில பேனல்கள் உயிர் பெறும். வயர் நுழையும் ஓட்டையை அடைத்து அனுப்புவதும் பழுதுபார்ப்பில் சேர்ந்ததுதான்.

தொடுவதற்கு முன் இறக்கு

அடாப்டர் போர்டில் கொஞ்சம் பருத்து நிற்கும் 400 வோல்ட் கண்டென்சர்தான் அபாயம். 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகி இதில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். ஓடுகிற போர்டில், பிளக்கைப் பிடுங்கினால் சில நொடியில் அது தானாகக் காலியாகிவிடும். ஓடாத போர்டில்தான் நிறைந்தபடி காத்திருக்கும். ஆகவே 'செத்த போர்டுதானே' என்று கை வைக்காதீர்கள்.

ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் தொட்டு 'டமார்' என்று வெடிக்கவைப்பது சிலருக்கு வீரம். அது ஸ்க்ரூடிரைவர் முனையைத் தின்னும், சில நேரம் போர்டையும் தின்னும். முன்பு செய்துவைத்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இரண்டு காலிலும் வைத்து ஐந்து நொடி பிடியுங்கள், நிறைந்திருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். 100 மைக்ரோஃபாரட் கண்டென்சருக்கு அது போதும். பிறகு மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கை வையுங்கள். ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். பத்தாவது முறை சலிப்பு வரும். ஷாக் அடிப்பது அந்தப் பத்தாவது முறையில்தான்.

மின்சாரம் இல்லாமல் அளப்பது

தாமிரபரணியில் பாபநாசத்திலிருந்து தண்ணீர் ஒவ்வொரு அணைக்கட்டாக இறங்குவது போல, போர்டிலும் மின்சாரம் வரிசையாக இறங்குகிறது. தண்ணீர் எந்த மடையோடு நின்றது என்று பார்ப்பதே வேலை. அடாப்டரில் வரிசை இது: ஃபியூஸ், அதன் பின்னால் லைனுக்குக் குறுக்கே நீல வட்டு போல எம்.ஓ.வி., பிறகு மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும், நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜ், 400 வோல்ட் கண்டென்சர், மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் ஸ்விட்சிங் ஐ.சி. அல்லது மாஸ்ஃபெட், டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பருத்த டயோடு, ஒன்றோ இரண்டோ கண்டென்சர், பிறகு 12 வோல்ட்.

ஃபியூஸ் பீப் அடிக்கிறதா? அடித்தால் அடுத்த பத்திக்குப் போகலாம். அடிக்கவில்லை என்றால் எம்.ஓ.வி.யைப் பாருங்கள். மேலே 471 என்று எழுதியிருந்தால் 470 வோல்ட் என்று பொருள். அதற்கு மேல் எகிறினால் தன்னைக் கொடுத்து ஃபியூஸை எரியவைத்து மீதியைக் காப்பாற்றும். இடிக்குப் பிறகு வரும் போர்டுகளில் பல நேரம் இது வெடித்துக் கரியாகக் கிடக்கும். கழற்றிவிட்டால் போர்டு ஓடும். சோதிக்கும் வரை அப்படி ஓட்டலாம். கொடுக்கும்போது புதியது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். போடாமல் கொடுத்தால் அடுத்த இடியில் ஐ.சி. போகும்.

மீட்டரை டயோடு அளவைக்கு மாற்றி பிரிட்ஜின் ஒவ்வொரு டயோடையும் பாருங்கள். ஒரு பக்கம் 0.5 முதல் 0.7, மறுபக்கம் எதுவும் காட்டக்கூடாது. இரு பக்கமும் 0 காட்டிப் பீப் அடித்தால் அது போயிற்று. நான்கையும் மாற்றிவிடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிக் கஞ்சத்தனம் செய்ய வேண்டாம். பெரிய கண்டென்சரின் இரு காலில் வைத்தால் எண் மெல்ல ஏறிக்கொண்டே போக வேண்டும். அது கண்டென்சர் நிரம்புவதன் அடையாளம். 0-விலேயே உறைந்து நின்றால் கண்டென்சரோ அதற்குப் பின்னால் இருக்கும் மாஸ்ஃபெட்டோ ஷார்ட். ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

மாஸ்ஃபெட் ஷார்ட் என்றால் அவசரப்படாதீர்கள். நான் தொடங்கிய காலத்தில் முன்னீர்பள்ளத்துக்காரர் ஒருவர் பெரிய அடாப்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்ஃபெட் ஷார்ட். மாற்றினேன், சொருகினேன், வெடித்தது. கெட்ட சரக்கு என்று கடைக்காரரைத் திட்டியபடி இரண்டாவதையும் போட்டேன். அதுவும் வெடித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெட்கத்தில் மறுநாள் வரச் சொல்லிவிட்டு இரவு உட்கார்ந்து அளந்தபோது, மாஸ்ஃபெட்டின் மூன்று கால்களில் சோர்ஸ் என்கிற காலுக்குக் கீழே ஒரு ஓம்கூட இல்லாத சின்ன ரெசிஸ்டர் அறுந்திருந்தது. மாஸ்ஃபெட்டை ஆட்டுவிக்கும் ஐ.சி.யும் போயிருந்தது. மாஸ்ஃபெட் வெடித்தால் இந்த இரண்டையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அன்றைக்கு சீரீஸ் பல்பும் என்னிடம் கிடையாது. மூன்றையும் சேர்த்து மாற்றினேன். இப்போது எப்போதும் அப்படித்தான்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கத்துப் பருத்த டயோடையும் அப்படியே அளக்கலாம். அது ஷாட்கி ரகமாக இருந்தால் 0.2, 0.3 என்று குறைவாகக் காட்டும். கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

பல்பு சொல்வது

ஷார்ட் எல்லாம் தீர்ந்தது என்று பட்டால் ஃபியூஸைப் போட்டு, சீரீஸ் பல்பு வழியாகச் சொருகுங்கள். முகத்தைப் போர்டுக்கு நேராக வைக்காதீர்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்ல சேதி. பெரிய கண்டென்சர் நிரம்பிவிட்டது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. பிடுங்கிவிட்டு மறுபடி மேலே போங்கள். ஒரு ரூபாய் செலவு இல்லாமல் தப்பித்தீர்கள். மூச்சு விடுவது போல ஏறி இறங்கினால், எழுந்திருக்கப் பார்த்து விழுகிறது என்று அர்த்தம்.

மின்சாரத்தோடு அளப்பது

இங்கே புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு ஊர்கள். இந்தப் பக்கத்தை அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனை பெரிய கண்டென்சரின் நெகட்டிவில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு 12 வோல்ட்டின் நெகட்டிவில். கறுப்பை ஓர் ஊரிலும் சிவப்பை மறு ஊரிலும் வைத்தால் அர்த்தமில்லாத எண் வரும். அதை நம்பி நல்ல பாகங்களைக் கழற்றுவீர்கள். இன்னொன்று: சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் செருகியபடி வோல்ட் அளக்கப் போனால் நீங்களே ஷார்ட் செய்கிறீர்கள். கை வைக்கும் முன் துளையைப் பாருங்கள்.

பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருந்து, அந்தப் பக்கம் 0 என்றால், ஐ.சி. எழவே இல்லை. அதை எழுப்புவதற்கென்று 300 வோல்ட்டிலிருந்து லட்சக்கணக்கான ஓம் உள்ள ரெசிஸ்டர் ஒன்றோ இரண்டோ சில போர்டுகளில் இருக்கும். வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே அறுந்திருக்கும். பிடுங்கி, இறக்கி, அளங்கள். எழுதியிருக்கும் மதிப்பைவிட மிகவும் கூடுதலாகக் காட்டினால் அதுதான் குற்றவாளி.

எழுந்து எழுந்து விழுந்தால், அல்லது அந்த "கரண்ட் போய் வந்தால் எழுவதில்லை" நோய் என்றால், ஐ.சி.க்குப் பக்கத்தில் விரல் நகம் அளவு கண்டென்சர் ஒன்று இருக்கும். 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். வெப்பத்தில் உலர்ந்துபோயிருக்கும், ஆனால் உப்பியிருக்காது. முடி உலர்த்தியால் கொஞ்சம் சூடாக்கினால் போர்டு எழும், ஆறினால் எழாது. அப்படி நடந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். சில ரூபாய்ப் பொருள். இதற்காக முழு வாஷிங் மெஷின் போர்டையே மாற்றச் சொல்லிப் பல ஆயிரம் கேட்டிருப்பதாக வாடிக்கையாளர்கள் வந்து புலம்புவார்கள். நான் சிரித்துக்கொள்வேன், வேறென்ன.

பாரம் இல்லாமல் 12 காட்டி, செட்டாப் பாக்ஸை மாட்டியதும் 8, 9 என்று சரிந்தால் வெளிப்பக்கத்துக் கண்டென்சர். இந்தச் சோதனைக்கு சீரீஸ் பல்பை எடுத்துவிட வேண்டும்; பல்பு இருந்தால் நல்ல அடாப்டரும் சரியும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதேயோ கூடுதலோ, 105 டிகிரி ரகம். 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் இருந்த இடத்தில் 25 வோல்ட் போடலாம், இடம் இருந்தால். 10 வோல்ட் போடக்கூடாது. கண்டென்சர் உடம்பில் ஓடும் பட்டை நெகட்டிவ். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

ஈயம் வைப்பது

பாகம் எதுவும் கெடவில்லை, ஆனாலும் விட்டு விட்டு ஓடுகிறது என்றால் ஈயத்தைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, கனெக்டர் கால்களைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையம் தெரிந்தால் அது டிரை சால்டர். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் போதும்.

அயர்ன் முனையை ஈரப் பஞ்சில் துடையுங்கள். காலையும் செம்பையும் ஒரே நேரத்தில் தொட்டு இரண்டு மூன்று நொடி சூடாக்கி, ஈயத்தை அயர்னில் வைக்காமல் சூடான இடத்தில் வையுங்கள். தானாக ஓடிப் படியும். ஆறும் வரை ஆட்டக்கூடாது. பளபளப்பான சின்னக் கூம்பு வந்தால் சரி. உருண்டையாக உட்கார்ந்திருந்தால் ஒட்டவில்லை. புதிய போர்டுகளில் காரீயம் இல்லாத ஈயம் இருக்கும், 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் 60/40 ஈயம் 190-க்குள் உருகிவிடும். ஆகவே பிடிவாதமான காலைக் கழற்ற, முதலில் நம் ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து உருக்கி, பிறகு சக்கரால் உறிஞ்சுங்கள். இழுத்துப் பிடுங்கினால் செம்புத் தடம் தோலோடு உரிந்து வரும். சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள், அது காரீயம்.

தண்ணீரும் உப்பும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. அதன் பிறகு வந்த போர்டுகளில் தப்பியவை எல்லாம், கொண்டுவந்தவர் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஒருமுறைகூடச் சொருகிப் பார்க்காதவை. நனைந்தால் சொருகக்கூடாது, அவ்வளவே.

வண்டல் காயும் முன் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஆம், தண்ணீரில்தான்; பாட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் என்றால் இன்னும் நல்லது. பல் துலக்கியால் தேய்த்து, ஐ.சி.க்களின் அடியில் இருக்கும் சேற்றைத் தென்னை ஈர்க்குச்சியால் எடுத்து, கடைசியில் ஆல்கஹாலால் கழுவி, மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் புகுந்த தண்ணீர் கடைசியாகத்தான் வெளியேறும்.

உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்ப் போர்டுகளில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். களிம்பைச் சுரண்டி ஆல்கஹாலால் துடைத்து, அறுந்த தடத்தின் மேல் மெல்லிய கம்பியை வைத்துப் பற்றவையுங்கள். முடிந்ததும் போர்டுக்கு மேல் பூசும் வார்னிஷ் ஒரு கோட். ரிலே, கனெக்டர், சுவிட்சு மேல் மட்டும் படக்கூடாது.

எல்லாம் முடிந்ததும் பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிடுங்கி, இறக்கி, விரலால் தொட்டுப் பார்த்து, எது அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று கவனியுங்கள். மூடும் முன் மூடியின் உள்பக்கம் தேதியையும் மாற்றிய பாகத்தையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து அதே அடாப்டர் அதே மஞ்சள் பையில் வரும்போது, நீங்கள் மறந்திருப்பீர்கள்.